நீர் புகும் கலம்: இருவர் முக்குளிக்க ஒரு சிறு நீர்மூழ்கி

சொந்தமாக ஒரு நீர்மூழ்கி செய்ய உட்காருகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, கலத்துக்குள் காற்று இருக்கப்போகிறதா, தண்ணீர் இருக்கப்போகிறதா என்பதை. நீளம், எடை, மோட்டார், செலவு, ஆபத்து எல்லாம் அந்த ஒரு முடிவிலிருந்து பிறக்கின்றன.

கரையில் நாம் சுவாசிக்கும் அதே அழுத்தத்தில் உள்ளே காற்று இருந்தால் அது உலர் நீர்மூழ்கி. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டர் ஆழத்தில் ஓட்டின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் சுமார் 3 கிலோ. 60 செ.மீ. விட்டமுள்ள ஏறுவாசல் மூடி ஒன்றின் மேல் மட்டும் எட்டு டன்னைத் தாண்டுகிறது. அதைத் தாங்க உருளையோ உருண்டையோ ஆன எஃகுக் கூடு வேண்டும். ஆக்சிஜன் ஊட்ட ஒரு ஏற்பாடு, வெளிவிடும் கரியமில வாயுவை உறிஞ்ச சோடா லைம், இவற்றையெல்லாம் சோதித்துச் சான்று தரும் டி.என்.வி., ஏ.பி.எஸ். போன்ற அமைப்புகளின் மேற்பார்வை, எல்லாம் வேண்டும். அந்தச் சான்று எதுவும் இல்லாமல், கார்பன் ஃபைபர் உருளைக்குள் ஆட்களை ஏற்றி டைட்டானிக் சிதைவை நோக்கி இறங்கிய டைட்டன் கலம், 2023 ஜூன் 18 அன்று நொறுங்கி ஐந்து பேர் இறந்தார்கள். அழுத்தக் கூட்டை வீட்டுப் பட்டறையில் முயல வேண்டாம் என்று இந்த நூலில் அழுத்தமாகவே சொல்கிறேன்.

ஈர நீர்மூழ்கி வேறு வகை. ஓடு முழுக்கத் தண்ணீர் நிரம்பியிருக்கும். உள்ளே இருப்பவர்கள் ஸ்கூபா உடுப்போடு, தங்கள் சிலிண்டரிலிருந்து சுவாசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உள்ளும் புறமும் ஒரே அழுத்தம் என்பதால் ஓடு நொறுங்க வழியில்லை. அது வெறும் உறை, தண்ணீரை விலக்கி வழுக்கிச் செல்ல ஒரு வடிவம். ஃபைபர் படகு கட்டும் பட்டறை செய்யக்கூடிய வேலைதான். ஓட்டின் மேல் அழுத்தமில்லை என்பதாலேயே அந்த அழுத்தம் முழுவதும் உள்ளே இருப்பவரின் உடலில் விழுகிறது. ஆகவே இந்த அத்தியாயத்தில் அளவுகோல் ஒன்றுதான்: முக்குளிப்பவரின் காதும் நுரையீரலும் தாங்காத எதையும் கலம் செய்ய முடியாதபடி அதை வடிவமைக்க வேண்டும்.

முன்னோடிகள் கற்றுத் தந்தவை

இந்த வகைக் கலம் போரில் பிறந்தது. 1930-களில் இத்தாலியக் கடற்படைப் பொறியாளர்கள் தெசேயோ தெசேய், எலியோஸ் தோஸ்கி இருவரும் மின்சாரத்தில் மெதுவாக ஓடும் ஒரு டார்பிடோவை உருவாக்கினார்கள். இரண்டு பேர் குதிரையேறுவதுபோல் அதன் முதுகில் அமர்ந்து, ஆக்சிஜன் சுவாசக் கருவியோடு நீருக்கடியில் போனார்கள். 1941 டிசம்பர் 19 அதிகாலையில் இப்படி மூன்று கலங்களில் வந்த ஆறு பேர், அலெக்சாண்ட்ரியா துறைமுகத்தில் குயீன் எலிசபெத், வேலியண்ட் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை முடக்கினார்கள். நமக்கு அதில் வேண்டியது போர் அல்ல, இருக்கை. மேலே மூடி எதுவும் கிடையாது. காலை எடுத்தால் கலத்திலிருந்து விடுபட்டாயிற்று.

அமைதிக் காலத்தில் இந்தக் கலையை வளர்த்தது மாணவர்கள். மனித உழைப்பால் ஓடும் ஈர நீர்மூழ்கிகளுக்கான பன்னாட்டுப் போட்டி 1989-இல் ஃபுளோரிடாவில் தொடங்கியது. 1995 முதல் மேரிலாந்து மாநிலம் கார்டெராக்கில், அமெரிக்கக் கடற்படையின் டேவிட் டெய்லர் சோதனைத் தொட்டியில் நடந்துவருகிறது. பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கலத்துக்குள் ஸ்கூபா சுவாசத்தோடு படுத்து மிதித்து ஓட்டுகிறார்கள். வேகத்தைவிட அந்தப் போட்டியின் பாதுகாப்பு விதிகளைத்தான் வடிவமைப்பாளர் ஊன்றிப் படிக்க வேண்டும். ஓட்டுபவர் கைப்பிடியை விட்டுவிட்டால் ஒரு மிதவை தானாகக் கழன்று மேலே போய் நிற்கும். வாசலை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்க முடியும். எங்கே திறப்பது என்பது நிறத்தால் குறிக்கப்பட்டிருக்கும். போட்டிக்குப் போகாதவரும் இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஃபேபியன் கூஸ்தோ சுறாக்களைப் படமெடுக்கச் செய்வித்த 'டிராய்' இன்னொரு பாடம். 14 அடி நீளம், பெரும் வெள்ளைச் சுறாவின் உருவம், உள்ளே தண்ணீர். குமிழி விட்டால் சுறாக்கள் கலையும் என்பதால் அவர் வெளிமூச்சைத் திரும்பச் சுத்திகரிக்கும் ரீபிரீதரைப் பயன்படுத்தினார். குமிழியைப் பற்றி நாமும் யோசிக்க வேண்டியிருக்கிறது, வேறு காரணத்துக்காக. அதைப் பிறகு சொல்கிறேன்.

வேகமும் அகலமும்

இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சுக்கு ஈடான சைகைகள் எளிது. ஆனால் முன்னிருந்து பார்க்கும் பரப்பு 1.2 மீட்டர் அகலம், 0.9 மீட்டர் உயரமுள்ள நீள்வட்டமாகி, 0.85 சதுர மீட்டரை எட்டும். ஒருவர் பின் ஒருவராக அமர்ந்தால் அகலம் 0.7 மீட்டர் போதும், பரப்பு 0.5 சதுர மீட்டர். இழுவை விசை பரப்பின் நேர்விகிதத்தில் கூடுவதால், அருகருகே அமரும் வசதிக்கு ஏறத்தாழ 70 சதவீதம் அதிக மின்சாரம் கொடுக்க வேண்டும். ஒருவர் பின் ஒருவர் என்பதே என் பரிந்துரை. பின்னால் இருப்பவர் முன்னவரின் தோளைத் தொட்டுச் சைகை செய்யலாம்.

முன் கண்ணாடித் தடுப்பு மட்டும் உள்ள திறந்த கலத்துக்கு இழுவைக் கெழுவை 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 1.5 மீட்டர், அதாவது ஏறத்தாழ 3 நாட் வேகத்தில், கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1025 கிலோ என்ற கணக்கில் இழுவை சுமார் 173 நியூட்டன். அதைத் தள்ள 260 வாட். மோட்டாரும் ப்ரொப்பெல்லரும் சேர்ந்து பாதியை வீணாக்கும் என்று எடுத்தால் பேட்டரியிலிருந்து 520 வாட் போக வேண்டும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் தேவை எட்டு மடங்கு: 4 கிலோவாட்டுக்கும் மேல். திறன் வேகத்தின் முப்படியில் ஏறுகிறது என்பதை நினைவில் வைத்தால், "இன்னும் கொஞ்சம் வேகம்" என்ற ஆசை எத்தனை கிலோ பேட்டரி என்று உடனே தெரிந்துவிடும்.

வேகத்துக்கு மின்சாரத்தைவிடக் கடுமையான ஓர் எல்லை உண்டு. 3.6 மீட்டர் நீளக் கலம் தன்னுள் ஏறத்தாழ ஒரு டன் தண்ணீரைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. அந்தத் தண்ணீருக்கு மிதப்புக் கணக்கில் எடை இல்லை. ஆனால் நிறுத்தும்போது அதன் நிறை முழுதும் எதிர்த்து நிற்கும். 3 நாட் வேகத்திலிருந்து, மோட்டாரை எதிர்த்திசையில் ஓட்டியும்கூட, நிற்க ஆறேழு மீட்டர் பிடிக்கும். பார்வைத் தெளிவு ஐந்து மீட்டர் உள்ள கடலில் அதே வேகத்தில் போனால் பவளத்திட்டைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மோதுவோம். நின்றுவிடும் தூரம் எப்போதும் பார்க்கும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஆகவே வேகக் கட்டுப்பாட்டில் தெளிவான நீருக்கு ஒன்று, கலங்கலுக்கு ஒன்று என இரண்டு நிலைகள் போதும்.

3 நாட்டில் எதிர்நீர் முகக்கண்ணாடியை அசைக்கும், ரெகுலேட்டரின் பித்தானை அழுத்திக் காற்றைச் சும்மா கொட்டவைக்கும். அக்ரிலிக் தடுப்பு அதற்காகத்தான். தலைக்கு மேல் முழு மூடி அழகாக இருக்கும். உல்லாசக் கலத்தில் அதை வைக்காதீர்கள்.

மிதப்பு: மிகுந்த கவனம் கேட்கும் இடம்

ஃபைபர் கிளாஸ் ஓடு 60 கிலோ என்றால், அதன் அடர்த்தி தண்ணீரைப்போல் 1.8 மடங்கு என்பதால் அது 33 லிட்டர் இடத்தை அடைக்கும். கடலில் அதன் எடை 26 கிலோவாகத் தெரியும். மோட்டார், இருக்கைச் சட்டம், சுக்கான், போல்ட்டுகள் என ஒவ்வொன்றுக்கும் இதே கணக்கைப் போட்டுக் கூட்டுங்கள். 40 கிலோ வருகிறது என்று கொண்டால், ஏறக்குறைய 42 லிட்டர் கடின ஃபோம் அதை ஈடுகட்டும். மூடிய அறைகள் கொண்ட பி.வி.சி. ஃபோம் வாங்குங்கள், நீங்கள் இறங்கும் ஆழத்தைத் தாங்குமா என்று விற்பவரின் தரவுத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். தெர்மக்கோல் வேண்டாம். அது அழுத்தத்தில் சுருங்கும், தண்ணீர் குடிக்கும். பாலியெஸ்டர் ரெசின் பட்டால் ரெசினில் உள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்தே விடும்.

காற்றுப் பையைக் கொண்டு மிதப்பைச் சரிசெய்யும் யோசனை எல்லாருக்கும் தோன்றும். 10 மீட்டரில் 20 லிட்டர் இருக்கும் பை, 20 மீட்டரில் 13 லிட்டராகச் சுருங்கும். 5 மீட்டருக்கு ஏறினால் 27 லிட்டராக உப்பும். இறங்கினால் மேலும் இழுக்கும், ஏறினால் மேலும் தூக்கும். உங்கள் பி.சி.டி. ஜாக்கெட் செய்யும் அதே வேலைதான். ஆனால் ஜாக்கெட்டில் ஓரிரு லிட்டரைக் கையாளும் விரல்களுக்கு இருபது லிட்டர் கட்டுப்படாது. கலத்தின் மிதப்பு மாறாததாக, ஃபோமினால் மட்டுமே இருக்கட்டும். மோட்டார் நின்றால் கலம் மெல்ல, மிக மெல்ல மேலே வர வேண்டும்: இரண்டு மூன்று கிலோ மேல்மிதப்பு போதும். கீழிறங்குவது ஓட்டத்தால், பக்கச் சிறகுகளின் சாய்வால் நடக்கட்டும்.

இப்போது குமிழிக்கு வருவோம். எந்த ஆழத்திலும் ஒரு மனிதர் நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர் கொள்ளளவு மூச்சை வெளியே விடுகிறார். இருவர் என்றால் 40 லிட்டர். அது அணியத்தின் கூரைக்கடியிலோ இருக்கையின் பின்வளைவிலோ தேங்கினால், ஒரே நிமிடத்தில் 40 கிலோ மேல்நோக்கிய விசை கலத்தைப் பற்றிக்கொள்ளும். ஏற ஏற அது விரிந்துகொண்டே போகும். நீர் புகும் கலத்தில் நான் அஞ்சுவது இதைத்தான், ஏனென்றால் யாரும் எதையும் தவறாகச் செய்யாமலே இது நடக்கும். ஓட்டின் மேல்விளிம்பு நெடுக, காற்று தங்கக்கூடிய ஒவ்வொரு உச்சியிலும் கட்டைவிரல் நுழையும் அளவுக்குத் துளை வையுங்கள். ஓட்டைத் தரையில் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்; எங்கெல்லாம் தண்ணீர் தேங்குகிறதோ அங்கெல்லாம் கடலில் காற்று தேங்கும். அணியத்தை உயர்த்தி ஒரு முறை, அமரத்தை உயர்த்தி ஒரு முறை என்று சாய்த்தும் சோதியுங்கள். அடியிலும் பெரிய துளைகள் வேண்டும், கிரேன் கலத்தைத் தூக்கும்போது ஒரு டன் தண்ணீர் வடிந்தாக வேண்டும்.

ஃபோமை மேலேயும் பேட்டரியை அடியிலும் வைத்தால் மிதப்பு மையம் எடை மையத்துக்கு மேல் நிற்கும். இரண்டுக்கும் இடையே 15 செ.மீ. கிடைத்தால் கலம் கவிழாது. அணியம் தூக்கினாலும் தானாகச் சமநிலைக்குத் திரும்பப் பார்க்கும். சிலிண்டர்களையும் மறக்கக் கூடாது. 12 லிட்டர், 200 பார் சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 2.9 கிலோ காற்று இருக்கிறது. இருவரும் 50 பார் மீதி வைத்துத் திரும்பும்போது கலம் நான்கரை கிலோ லேசாகியிருக்கும். ஆகவே சமன் பார்ப்பதை ஏறக்குறைய காலியான சிலிண்டரோடு செய்யுங்கள். நீச்சல்குளத்தில் சமன் செய்த கலம் கடலில் இன்னும் மிதக்கும். ஓட்டின் கெட்டிப் பாகங்கள், ஃபோம், இரண்டு உடல்கள் எல்லாம் சேர்ந்து 250 லிட்டர் இடத்தை அடைத்தால், உப்புநீரில் 6 கிலோவுக்கு மேல் ஈயம் கூடுதலாக வேண்டும்.

ஏறும் வேகம்

முக்குளிப்பவர் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது என்பது இன்று பல பயிற்சி அமைப்புகள் சொல்லும் எல்லை. காலால் துடுப்படித்து ஏறுபவருக்கு அது இயல்பாகவே அமைந்துவிடும். கலத்துக்கு அப்படியல்ல. விநாடிக்கு 1.5 மீட்டர் என்பது நிமிடத்துக்கு 90 மீட்டர். அணியம் 10 டிகிரி மேல் நோக்கினாலே நிமிடத்துக்குப் பதினைந்தரை மீட்டர் ஏறுகிறது. 30 டிகிரியில் 45 மீட்டர். மூச்சை அடக்கிக்கொண்டு ஒன்றிரண்டு மீட்டர் ஏறினாலே நுரையீரல் கிழியக்கூடும் என்பதை ஸ்கூபா முதல் வகுப்பில் படித்திருப்பீர்கள். கலத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தான் ஏறுகிறோம் என்ற உணர்வே இருக்காது, உடல் எந்த முயற்சியும் செய்யவில்லை.

5 டிகிரிதான் எல்லை. அதில் நிமிடத்துக்கு 8 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. சிறகுகளுக்கு இரண்டு பக்கமும் அசையாத் தடுப்பு முளை வைத்து, முழு வேகத்தில் முழுச் சாய்விலும் கலம் 5 டிகிரியைத் தாண்டாதபடி சோதனையில் நிலைப்படுத்துங்கள். சிறகின் விசை வேகத்தின் இருபடியில் கூடும், எடை மையத்தின் திருப்புவிசை கூடாது. ஆகவே மெதுவான ஓட்டத்தில் பார்த்த சாய்வை நம்பி முளையை வைக்காதீர்கள். ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே ஆழமானியும், அதன் பக்கத்தில் நீளவாக்கில் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றும் இருக்கட்டும். வளைந்த குழாயுள்ள, பாகை குறித்த ரசமட்டம் கிடைத்தால் இன்னும் நல்லது. பேட்டரி தீர்ந்தாலும் அது வேலை செய்யும்.

இறங்கும்போது காது. முதல் 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகிறது. ஒவ்வொரு மீட்டருக்கும் மூக்கைப் பிடித்துக் காதைச் சமன் செய்ய வேண்டும். அதனால் ஓட்டுவதற்கு இரண்டு கையும் தேவைப்படும் எந்த ஏற்பாடும் தவறானது. ஒரு கையில் திசையும் சாய்வும் வேகமும், மறு கை எப்போதும் மூக்குக்கும் ரெகுலேட்டருக்கும். பின்னிருப்பவரிடம் ஒரு நிறுத்துப் பொத்தான் கட்டாயம்: அவருக்குக் காது வலித்தால் சைகை காட்டி அனுமதி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

மின்சாரம், வாசல், சோதனை

ஒரு மணி நேர ஓட்டத்துக்கு 520 வாட்-மணி. இருமடங்கு கையிருப்போடு 24 வோல்ட், 50 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி சரியாக இருக்கும். காற்று அதில் பாதி நேரமே தாங்கும்: 20 மீட்டரில் நிமிடத்துக்கு 60 லிட்டர் செலவாகும், 50 பார் மீதி போக ஒரு சிலிண்டர் அரை மணி நேரம். பேட்டரிப் பெட்டிதான் இந்தக் கலத்தில் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய முக்கியப் பாகம். 30 செ.மீ. விட்ட மூடியில் 30 மீட்டரில் இரண்டு டன்னுக்கு மேல் ஏறும். அதற்குத் தடித்த அலுமினியமோ அக்ரிலிக்கோ போட்டு, இரட்டை ஓ-ரிங் வைத்து, ஆள் ஏறும் முன் வெற்றுப் பெட்டியாகக் கயிற்றில் கட்டி, இறங்கப்போகும் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு இறக்கிப் பாருங்கள். உள் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு ஒன்றும் வேண்டும். உள்ளே கசிந்தோ வாயு உண்டாகியோ அழுத்தம் ஏறிய பெட்டி, மேலே வந்து போல்ட்டைத் தளர்த்தும்போது மூடியை முகத்தில் எறியும். ஈய-அமில பேட்டரி வைத்தால் மூடியைத் திறந்து வைத்துத்தான் சார்ஜ் செய்ய வேண்டும், ஹைட்ரஜன் வெளிவரும். சுவிட்சுகளுக்கு ஓட்டைத் துளைக்காமல் வெளியே காந்தமும் உள்ளே ரீட் சுவிட்சும் வைத்தால் கசிய ஓரிடம் குறையும். கைப்பிடியை விட்டால் மோட்டார் நிற்க வேண்டும். ப்ரொப்பெல்லரைச் சுற்றி வளையமும் முன்பின் கம்பி வலையும் கட்டாயம்.

ஒவ்வொருவரும் தன் சிலிண்டரைத் தன் முதுகிலேயே சுமந்திருக்கட்டும். கலத்தின் சிலிண்டரிலிருந்து குழாய் வழியே சுவாசிப்பது இருக்கையை எளிதாக்கும். ஆனால் கலத்தைவிட்டு வெளியேறும் கணத்தில் உங்களை அதனோடு கட்டிவைக்கும். கொக்கி போடும் பெல்ட் வேண்டாம். தொடை மேல் ஒரு கம்பி போதும், மேலே தள்ளினால் திறக்கும்படி.

வெளியேறும் சோதனையைத் தரையில் தொடங்குங்கள். முழு உடுப்பில், முகக்கண்ணாடியைக் கறுப்புத் தாளால் மறைத்துக்கொண்டு, தொட்டுணர்ந்து மட்டும் வெளியே வாருங்கள். எது மாட்டுகிறது என்று வெளியே நிற்பவர் குறித்துக்கொள்ளட்டும். பெரும்பாலும் அது சிலிண்டர் வால்வு அல்லது தொங்கும் அழுத்தமானிக் குழாயாக இருக்கும். மாட்டிய இடத்தை வெட்டுங்கள், வழவழப்பாக்குங்கள், மறுபடி செய்யுங்கள். பிறகு குளத்தில், கலத்தை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு இதையே செய்யுங்கள். இருவரும் பத்து விநாடிக்குள் வெளியே வராத கலத்தைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

முதல் கடல் ஓட்டத்துக்கு மணல் தரையுள்ள, ஏழெட்டு மீட்டர் ஆழமே உள்ள விரிகுடா ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எவ்வளவு தவறினாலும் தரை அதற்குக் கீழே விடாது. அந்தக் கரையின் அதிகாரிகளிடம் அனுமதி பெற்று, மேலே படகும் முக்குளிப்புக் கொடியும் நிறுத்தி, கலத்தின் பின்புறம் ஒரு மிதவையைக் கயிற்றில் இழுத்துச் செல்லுங்கள். படகில் இருப்பவர் அந்த மிதவையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்ற இடத்திலேயே நின்றால் அவரோடு இருக்கும் மாற்று முக்குளிப்பாளர் உடனே இறங்க வேண்டும். முதல் இறக்கத்தில் சிறகுகளால் மெல்ல இறங்கி, பிறகு அவற்றைத் தொடாமல் நேராக மட்டும் ஓட்டி, கைப்பிடியை விட்டு, கலம் தானே எவ்வளவு மெதுவாக மேலே வருகிறது என்று ஆழமானியில் பாருங்கள். நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டினால், கரைக்கு வந்து ஈயம் சேர்த்துவிட்டு மறுபடி இறங்குங்கள்.